துண்டக்கா நிற்கும் இடம்

முடிதிருத்தும் கடை கண்ணுக்குத் தெரியாமல் போனது வார விடுமுறை நாளில். அதனால் மறுநாள் காலை வரை அது ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, கத்திரிகளைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, சற்று வெயிலில் நிற்கலாம் என்று வாசலுக்கு வந்தார். எதிரே பேருந்துக்குக் காத்திருந்த ஒருவர் அவரைப் பார்த்துக் கையிலிருந்த தேநீரைக் கீழே போட்டார். சுவருக்குள்ளிருந்து ஒரு மனிதர் நடந்து வந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான். கடைக்காரர் அவரிடம் போய் என்ன ஏது என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, மருந்துக்கடைச் சுவரும் சாவிக்கடைச் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவில் நூல் நுழைய இடமில்லாமல் நின்றன.

உள்ளே இருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. தெரு தெரிந்தது, தெருவில் போகிறவர்கள் தெரிந்தார்கள், வெயில் எப்போதும் விழும் இடத்தில், இரண்டாவது நாற்காலியின் காலடியில் விழுந்தது. பழைய வாடிக்கையாளர்கள் சிலர் கைப்பழக்கத்தில் சுவரைத் தடவிக்கொண்டே வந்து, கதவின் பிடி அகப்பட்டதும் நுழைந்தார்கள். நுழைந்து உட்கார்ந்து, கடையை மூடிவிட்டதாக நினைத்தோம் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். புதியவர்கள் யாரும் வரவில்லை. வாசற்படியில் படுக்கும் நாய் மட்டும் ஒன்றையும் பொருட்படுத்தவில்லை. அது பாட்டுக்கு வந்து படியில் சுருண்டது. தெருவில் போகிறவர்களுக்கு ஒரு நாய் அந்தரத்தில் தூங்குவது தெரிந்தது. இரண்டு நாள் நின்று பார்த்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கடைக்காரரைத் தெருவில் வாய்க்கத்திரி என்பார்கள். கைக்கத்திரி ஒரு வெட்டு வெட்டுவதற்குள் வாய் மூன்று வெட்டு வெட்டிவிடும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவருடைய அப்பா சொன்னதை அவர் வேதமாக எடுத்துக்கொண்டவர். அவர் மனைவியைத் துண்டக்கா என்பார்கள், தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடப்பதால். கடையில் தலை கழுவுவது, துண்டு துவைப்பது, முடி கூட்டுவது, சாயம் கலக்குவது, பெண்கள் வந்தால் நுனி வெட்டிவிடுவது எல்லாம் அவள். வாய்க்கத்திரி நாற்காலியைப் பார்த்தபடியே பின்னால் கையை நீட்டி "துண்டு" என்பார். கையில் துண்டு வந்து விழும். "பிளேடு" என்பார், பிளேடு வரும். அவர் திரும்பிப் பார்த்து வாங்கியதை அவள் கண்டதில்லை. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் வராமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

கடை ஏன் மறைந்தது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் துண்டக்காவின் நாத்தனார். அவள் ஜெராக்ஸ் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவள். உலகத்தில் எது எங்கே கோளாறு என்றாலும் முதலில் போனை எடுத்துத் தேய்ப்பாள். அன்றைக்கும் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, கதவைத் தேடிப் பிடித்து உள்ளே நுழைந்து, போனைத் தேய்த்தாள். முடிவெட்டும் கடை அருகில் என்று எழுதித் தேடினால் தெருமுனையில் புதிதாகத் திறந்த கண்ணாடிக் கடை வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடை வந்தது. முடிவெட்டுவதே இல்லாத ஒரு நாய்ப் பராமரிப்பு நிலையம்கூட வந்தது. இது வரவில்லை.

"அண்ணா, உன் கடை போன்லயே இல்லை."

"போன்ல எதுக்கு இருக்கணும்? தெருவுல இருக்கே."

"தெருவுல எங்க இருக்கு, வெளிய போய்க் காட்டு பாப்போம்."

வாய்க்கத்திரிக்கு வாய் அடைத்துப் போனதை அன்றுதான் துண்டக்கா முதன்முறையாகப் பார்த்தாள். நாத்தனார் விளக்கிச் சொன்னது இதுதான்: மனிதர்களின் கண் இப்போதெல்லாம் போனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் பார்க்கிறது. போன் இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. நாளாக ஆகக் கண்ணுக்கு அது பழகிவிட்டது. கடை ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டுதான் வந்திருக்கும், வாய்க்கத்திரி பேச்சு சுவாரசியத்தில் கவனித்திருக்க மாட்டார். இதில் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று வாய்க்கத்திரி ஒப்புக்கொண்டார்.

அன்றே வேலையை ஆரம்பித்தார்கள். வாய்க்கத்திரியின் விரல்கள் தண்ணீரிலும் நுரையிலும் ஊறித் தேய்ந்தவை, போனின் திரை அவற்றைத் தொட்டதாகவே எடுத்துக்கொள்ளாது. அதனால் வேலை துண்டக்காவிடம் வந்தது. நாத்தனார் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினாள். கடையின் பெயர், தெரு, போன் எண், என்னென்ன செய்யப்படும். எல்லாம் ஏற்றிவிட்டு நாத்தனார் ஒன்றை மட்டும் மூன்று தரம் சொன்னாள். "வாடிக்கையாளருங்க ரிவியூ எழுதணும். அவங்க மட்டும்தான். கடைக்காரங்களோ வீட்டு ஆளுங்களோ தன் கடைக்குத் தானே எழுதினா, மேப்புல இருந்து தூக்கிடுவாங்க. அண்ணி, அண்ணனைப் பத்திரமாப் பாத்துக்கோங்க, கை சும்மா இருக்காது."

திறக்கும் நேரத்தைத் துண்டக்கா உள்ளது உள்ளபடி எழுதினாள், மதியம் சாப்பாட்டுக்குக் கடை மூடப்படும் என்பது உட்பட. அதில் ஒரு சிக்கல் வந்தது. காலையில் எழுதிய நேரத்துக்குக் கடை தெருவில் தெரிந்தது, மங்கலாக, ஈரத்துணிக்குப் பின்னால் தெரிவதுபோல். மதியம் எழுதிய நேரம் வந்ததும் சட்டென்று போய்விட்டது. உள்ளே பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த தபால்காரரைத் தேடி ஆட்கள் வந்து, சைக்கிள் மட்டும் சுவரோரம் நிற்கிறது மனிதரைக் காணோம் என்று தெருவெல்லாம் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே இருந்து பதில் சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு துண்டக்கா சாப்பாட்டு நேரத்தை எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவர்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

அடுத்தது படங்கள். எது படத்தில் வருகிறதோ அது தெருவுக்குத் திடமாகத் தெரியும் என்று கண்டுகொண்டதும், துண்டக்கா ஓய்ந்த நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு கடையைச் சுற்றி வந்தாள். நாற்காலிகளை எடுத்தாள். கத்திரி வரிசையை எடுத்தாள். பெயர்ப்பலகையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். தன் கணவரை, ஒரு கை இடுப்பில், ஒரு கையில் சீப்போடு, கல்யாணப் படத்தில்கூட இல்லாத மிடுக்கோடு எடுத்தாள். தலை கழுவும் தொட்டியை எடுத்தாள். பெரிய கண்ணாடியை எடுக்கப் போனபோதுதான் வாய்க்கத்திரி எட்டிப் பார்த்து, "கண்ணாடியில நீ விழுற பாரு. கொஞ்சம் தள்ளு" என்றார். அவள் தள்ளினாள். "இன்னும் தெரியுது, தோள் தெரியுது" என்றார். இன்னும் தள்ளினாள். கதவோரம் போய், உடம்பை வளைத்து, கையை மட்டும் நீட்டிப் படம் எடுத்தாள். கண்ணாடியில் எல்லாம் இருந்தது: நாற்காலி, விளக்கு, மறுபக்கச் சுவர், ஆணியில் தொங்கும் துண்டு. நல்ல படம். நாத்தனார்கூட, "அண்ணி, உங்களுக்குக் கண் இருக்கு" என்றாள்.

கடை தெரிய ஆரம்பித்தது. ஆட்கள் வந்தார்கள், வந்தவர்களிடம் துண்டக்கா கேட்டு எழுத வைத்தாள், எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. நல்ல காற்றோட்டமான கடை என்று ஒருவர் எழுதிய பிறகு, காற்றாடி ஓடாத நாளிலும் கடையிலிருந்து தெருவுக்குக் காற்று வந்தது, மருந்துக்கடைக்காரர் தன் நாற்காலியைச் சற்று இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். காத்திருக்க நேரமாகிறது என்று ஒருவர் எழுதினார், சுவர்க் கடிகாரம் அன்றிலிருந்து மெதுவாக ஓடியது. கடைக்காரர் அதிகம் பேசுகிறார் என்று எழுதி ஒருவர் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். அதற்குப் பிறகு வாய்க்கத்திரி பேசுவது பேருந்து நிறுத்தம் வரை கேட்டது. சாவிக்காரர் வந்து, "அண்ணே, உங்க மச்சான் கதையை ஏற்கனவே ரெண்டு தடவை கேட்டாச்சு, வேற எதுனா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். தலை கழுவி விடும் கை பஞ்சு மாதிரி என்றும் ஒருவர் எழுதினார். அது என்ன செய்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எழுதிய ஒவ்வொருவருக்கும் துண்டக்கா பதில் போட்டாள். தங்கள் வருகைக்கு நன்றி, இப்படிக்குக் கடை நிர்வாகம். நிர்வாகம் என்ற சொல்லை அவள் வங்கி வாசலில் படித்திருந்தாள். அதை எழுதும்போது நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். நிர்வாகம் என்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தேடினால் கடைசியில் வந்த கடை நடுவில் வந்தது, நடுவிலிருந்து மேலே ஏறியது. ஏற ஏறத் தூரத்திலிருந்தே தெரிந்தது. முதலில் தெருமுனையிலிருந்து தெரிந்தது. பிறகு அடுத்த தெருவிலிருந்து, நடுவில் இருக்கும் வீடுகளையும் தாண்டி. முதலிடத்துக்கு வந்த அன்று ஆற்றுப் பாலத்தின் மேலிருந்தே பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தது, நடுவில் இருந்த கட்டடங்கள் எதுவும் மறைக்கவில்லை. தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரர் வந்து வாழ்த்திவிட்டு, இரவில் பலகை விளக்கை மட்டும் அணைத்து வைக்க முடியுமா, படுக்கையறையில் வெளிச்சம் அடிக்கிறது என்று கேட்டுப் போனார்.

அந்த நாட்களில்தான் துண்டக்கா ஒரு காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது, கண்ணாடிக்குள் துணி மட்டும் வட்டம் போடுவதைப் பார்த்தாள். ஆவி படிந்திருக்கும் என்று நினைத்து அழுத்தித் துடைத்தாள். கண்ணாடி பளிச்சென்று ஆனது, துணி இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அவள் இல்லை. துணியைப் பிடித்திருந்த கைகள் மட்டும் மணிக்கட்டு வரை இருந்தன. அந்தக் கைகளைப் பற்றித்தான் ஒருவர் எழுதியிருந்தாரே. கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியின் மூலையில் விட்டுப்போன இடத்தையும் துடைத்தாள்.

வாடிக்கையாளர்கள் கண்டுகொள்ளவில்லை. தலை கழுவ மல்லாந்து படுத்தால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, சுகம் வந்தால் கண் மூடும். ஒரே ஒருவர், வழக்கறிஞர், பாதியில் கண்ணைத் திறந்து, தலைக்கு மேல் இரண்டு கைகள் மட்டும் மிதப்பதைப் பார்த்தார். அவர் அதற்குள் பாதித் தூக்கத்தில் இருந்தார். இன்னும் கொஞ்சம் காதுக்குப் பின்னால் தேய்க்கச் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். வாய்க்கத்திரி பின்னால் கையை நீட்டி "துண்டு" என்றார். துண்டு வந்தது.

முதலில் அவளுக்கு அது ஓய்வாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். காலெல்லாம் நரம்பு முடிச்சு விழுந்து, சாயத்தின் நாற்றம் சாப்பாட்டிலும் ஏறி, நின்று நின்றே வயதாகிப்போன உடம்பு அது. யாரும் பார்க்காதபோது வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரலாம் என்பது அவளுக்குப் புதிதாகத் தெரிந்தது. உட்கார்ந்து, நெம்புகோலை மிதித்து நாற்காலியை உயர்த்தி, இறக்கி, சாய்த்துப் பார்த்தாள். தெருவில் நடக்கும்போது முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொண்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் விட்டாள். ஆனால் பேருந்துகள் அவளுக்காக நிற்கவில்லை. யாரோ நிறுத்திய பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், ஒரு தடித்த மனிதர் நேராக வந்து அவள் மடியில் உட்கார்ந்தார். ஐயோ என்று கத்தினாள், ஆள் தெரியாததால் அவர் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று திகைத்து, டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டார். ரொட்டிக்கடையில் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிப் போனார்கள். பழகியவர்கள் வழியில் வந்தால் அவளே குரல் கொடுத்தாள். குரலும் பிறகு மெலியத் தொடங்கியது. அதைப் பற்றி ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று இருந்தாள். ஒருநாள் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தன் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டே, அது புருவத்தின் நுனியிலா நடுவிலா என்று யோசித்தாள். நினைவு வரவில்லை. தொட்டுப் பார்த்தாள், தண்ணீரில் ஊறிய விரலுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியைப் பார்க்க நிமிர்ந்து, பயனில்லை என்று நினைவு வந்து குனிந்துகொண்டாள். தன் முகம் தனக்கே மறந்துவிடும், அப்புறம் தெரிய வந்தாலும் அது யாரோ ஒருத்தியாகத்தான் இருக்கும் என்ற பயம் அன்றுதான் வந்தது. அப்படியும் அவள் புருஷனிடம் சொல்லவில்லை. தானாக எப்போது பார்க்கிறார் என்று பார்க்கலாம் என்று ஒரு வீம்பு.

அதற்கு அவர் முடி வளர வேண்டியிருந்தது. ஊர்த் தலையெல்லாம் வெட்டுகிறவர் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. கல்யாணமான நாளிலிருந்து வாய்க்கத்திரிக்கு வெட்டிவிடுவது துண்டக்காதான். காதைத் தொட்டால் வெட்ட வேண்டும் என்பது கணக்கு. காதைத் தொட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தார், அவள் துணியைப் போர்த்தினாள், அவர் பேசத் தொடங்கினார். பாலத்திலிருந்து பலகை தெரிகிறது என்பதில் தொடங்கி, யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று போய்க்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. கண்ணாடியில் அவருடைய தலைக்குப் பின்னால் ஒரு கத்திரியும் ஒரு சீப்பும் இரண்டு கைகளும் இருந்தன. அவர் முதன்முறையாகத் திரும்பினார். பின்னாலும் அவ்வளவுதான் இருந்தது.

"எங்க இருக்க?"

"இங்கதான். பின்னால." குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் வந்தது.

"தெரியலையே!"

"இப்பதான் தெரியுதா, தெரியலைன்னு?"

அவர் பாதி வெட்டிய தலையோடு எழுந்து கடைக்குள் கைகளை விரித்துக்கொண்டு நடந்தார், கண்ணைக் கட்டிவிட்ட பிள்ளையைப் போல. இரண்டாவது சுற்றில் அவள் தோள் அகப்பட்டது. பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. ஷட்டரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பிடித்துக்கொண்டே போனார். பார்த்தவர்களுக்கு வாய்க்கத்திரி காற்றின் தோளில் கைபோட்டுக்கொண்டு, தலை ஒரு பக்கம் கட்டையும் ஒரு பக்கம் நெட்டையுமாக, ஒரு வார்த்தை பேசாமல் போவது தெரிந்தது. பேசாமல் போனதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம்.

நாத்தனார் வந்தாள். ஏற்றிய படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள், ஒன்றிலும் அண்ணி இல்லை. எடுத்தவள் எப்படி இருப்பாள். விளக்கின் காலடியில்தான் இருட்டு என்று தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது எடுக்கலாம் என்றால் போனுக்கு இரண்டு கைகள்தான் கிடைத்தன. இனி யாராவது அவளைப் பற்றி எழுதினால்தான் உண்டு. வருகிற வாடிக்கையாளர்களிடம் கேட்டார்கள். எழுதுகிறோம், எப்படி இருப்பார்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். வருஷக்கணக்காகத் தலையைக் கொடுத்தவர்கள். ஒருவர் உயரமாக இருப்பார்கள் என்றார். ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார்கள் என்றார். வழக்கறிஞர், தான் கண்ணால் காணாததை எழுதித் தருவது தொழிலுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். தப்பாக எழுதி, கடைசியில் உயரமான, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தி வந்து நின்றால் என்ன செய்வது என்று நாத்தனார் அதோடு நிறுத்தினாள்.

"நான் எழுதுறேன்" என்றார் வாய்க்கத்திரி.

"அண்ணா, தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன். சொந்தக்காரங்க எழுதினா கடையைத் தூக்கிடுவாங்க. மறுபடி சுவருதான்."

"நான் கடைக்காரனா எழுதல. அவகிட்ட முடி வெட்டிக்கிறவனா எழுதுறேன். என்னைவிடப் பழைய வாடிக்கையாளர் அவளுக்கு யாரு இருக்கா, சொல்லு."

"மேப்புக்கு அதெல்லாம் புரியுமா?"

"புரிஞ்சா பாக்கட்டும். புரியலன்னா தூக்கட்டும்."

துண்டக்கா வேண்டாம் என்றாள். எவ்வளவு உரக்கச் சொன்னாலும் அவர்களுக்கு அது முணுமுணுப்பாகத்தான் கேட்டது. ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி அவள் ஏற்றி வைத்த கடை. பாலத்திலிருந்து தெரியும் கடை. அவர் அதைக் காதில் வாங்காமல் மூலையில் உட்கார்ந்தார். விரலைத் துணியில் துடைத்துத் துடைத்துத் திரையை அழுத்தினார். திரை மதிக்கவில்லை. விரலில் ஊதினார், சட்டையில் தேய்த்தார், திட்டினார், அழுத்தினார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். கண் எப்படி இருக்கும் என்று எழுத வந்து, தெரியாமல், அவள் இருக்கும் பக்கம் பார்த்து, "கண்ணு பெருசா, சின்னதா?" என்று கேட்டார். "நீங்கதான சொல்லணும்" என்றாள். அவருக்கு முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதினார்.

அவர் எழுதியதைத் தெரு முழுக்கப் பிறகு படித்தது. இங்கே முடி வெட்டுகிற அம்மா உயரம் குறைவு, உச்சியை வெட்ட மரப்பலகை மேல் ஏறி நிற்பார். வெட்டும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வார். இடது புருவ நடுவில் ஒரு தழும்பு உண்டு, கடை திறந்த முதல் வாரத்தில் ஷட்டர் பிடி இடித்தது, அன்றும் மதியத்துக்கு மேல் வேலைக்கு வந்தார். வெட்டி முடித்ததும் பிடரியில் ஊதுவார், தூரிகை இருந்தாலும் ஊதுவார். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து நடப்பார், செருப்பு அந்தப் பக்கம்தான் தேயும். நான் பேசும் கதைகளை எல்லாம் முதல் தடவை கேட்பதுபோல் கேட்பார். கண்ணாடியில் அவர் தெரிந்தால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகிவிடாது. இவ்வளவுதான். எழுதி முடித்து நட்சத்திரம் அழுத்தினார். துண்டக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"நாலுதானா?"

"அஞ்சு குடுத்தா புருஷன் எழுதினதுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

அவள் சிரித்தது அவருக்குக் கேட்டது. மெலிதாகத்தான், ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து இல்லை.

மறுநாள் காலையில் இரண்டும் நடந்தது. மருந்துக்கடைச் சுவரும் சாவிக்கடைச் சுவரும் மறுபடி ஒட்டிக்கொண்டன, பாலத்திலிருந்து பார்த்தால் பாலத்துக்கு அப்பால் இருக்க வேண்டியவைதான் தெரிந்தன. தேடினால், இந்தக் கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று வந்தது. அந்தச் சுவரின் முன்னால், தோளில் துண்டோடு, உயரம் குறைவான ஒரு பெண், பாதம் வெளிப்பக்கம் சாய, நின்றுகொண்டிருந்தாள். சாவிக்காரர் வந்து நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க இப்படியா இருப்பீங்க?" என்றார். வாய்க்கத்திரி சுவருக்குள்ளிருந்து வெளியே வந்தார், கடை போன இடத்தைப் பார்க்கவே இல்லை, அவளைப் பார்த்தார். கண்கள் சின்னவைதான். அதைச் சொல்ல வாயைத் திறந்து, எதற்கு வம்பு என்று மூடிக்கொண்டார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து மீதிப் பாதித் தலையையும் அவளிடம் வெட்டிக்கொண்டார். அவள் கண்ணாடியில் தன் புருவத்தைப் பார்த்தாள். நடுவில்தான் இருந்தது தழும்பு.

கடையைத் திரும்பக் கொண்டுவர நாத்தனார் பலதடவை எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. அதற்குள் அது தேவைப்படாமலும் போனது. முடி வளர்ந்தவர்கள் தெருவுக்கு வந்து, கடையைத் தேடாமல், துண்டோடு நிற்கும் அம்மாவைப் பார்த்து வந்தார்கள். அவள் கையைப் பிடித்துச் சுவருக்குள் அழைத்துப் போனாள். வெட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். அவர்கள் போனில் முடிவெட்டும் கடை என்று தேடுவதை விட்டு, துண்டோடு நிற்கும் அம்மா என்று தேடினார்கள். ஆயிரம் பேர் ஒன்றைத் தேடினால் வரைபடம்தான் என்ன செய்யும், இல்லை என்று எத்தனை நாள் சொல்லும். ஒருநாள் அது அவள் தலைமேல் சிவப்புப் புள்ளியைக் குத்தியது. கடையின்மேல் குத்தினால் நின்ற இடத்தில் நிற்கும். இது அவள்மேல் குத்தியது, அவள் போகும் இடமெல்லாம் போனது.

ரொட்டி வாங்கப் போனால் புள்ளி ரொட்டிக்கடைக்குப் போனது, பரட்டைத் தலைகள் நாலு பேர் அங்கே வந்து அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். ரொட்டிக்காரர் இப்போது அவளுக்குத்தான் முதலில் கொடுக்கிறார், கூட்டம் கலையட்டும் என்று. பேருந்துகள் அவள் கையைக் காட்டும் முன்பே நிற்கின்றன. நாத்தனார் வீட்டுக்கு அவள் ஒரு வாரம் தங்கப் போனபோது, வாய்க்கத்திரி கத்திரிகளைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே போக வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க அங்கே மொட்டைமாடியில் தொழில் நடந்தது, அவர் பேசியது மூன்று தெருவுக்குக் கேட்டது. களைப்பாக இருக்கும் நாட்களில் அவள் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறாள். உடனே புள்ளி அணைந்துவிடுகிறது. ஆனால் அவள் தெரிகிறாள். படுத்து ஓய்வெடுப்பதும் எல்லோருக்கும் தெரிகிறது, அதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. கண்ணாடிக் கடைக்காரர் தன் கடையில் யாரும் அப்படிக் கழுவி விடுவதில்லை என்று மாதம் ஒருமுறை தலையைக் கொண்டுவந்து கொடுக்கிறார், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. வாய்க்கத்திரி துண்டு கேட்கும்போது திரும்பிப் பார்த்துக் கேட்கிறார். அதனால் வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கிறது, சுவர்க் கடிகாரமும் மெதுவாக ஓடுவதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. புதிதாக யாராவது தெருவுக்கு வந்து, இரண்டு சுவர்களுக்கு நடுவே போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றால், சாவிக்காரர் அரத்தைக் கீழே வைக்காமலே சொல்கிறார்: "கடை சந்தைக்குப் போயிருக்கு. கொஞ்சம் உக்காருங்க, இப்ப வந்துடும்." அவர்களும் கண்ணுக்குத் தெரியாத படியைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, அந்தரத்தில் தூங்கும் நாயைச் சற்றுத் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.